சம்பந்தியின் ஸ்க்ரூடிரைவர்

அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்த ரயில் டிரைவரின் மனைவி அப்படியே நின்றுவிட்டாள்.

கூடத்து மேஜையில் சம்பந்தி, அதாவது மகளின் மாமனார், தூண்டில் ரீலின் பக்க மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தார். கையில் ஊசி மாதிரி ஒரு ஸ்க்ரூடிரைவர். கடிகாரக் கடை வைத்திருந்தவர். கொசுவைப் பிடித்துக் கொடுத்தால் லாடம் கட்டி அனுப்புகிற விரல்கள்.

உள்ளேயிருந்து எதையோ எடுத்துச் சட்டைப் பையில் போட்டார். மூடியை மாட்டினார். ஒன்றும் அறியாதவர் போல விசிலடித்தார்.

மேஜையில் இருந்ததோ இரண்டு ரீல். மருமகன் ஆளுக்கொன்றாக வாங்கித் தந்தவை. இரண்டும் ஒரே கறுப்பு, ஒரே அளவு. வீசும்போது தூண்டில் நரம்பு சிக்காமல் பார்த்துக்கொள்ள உள்ளே இருக்கும் பிரேக் மட்டும் வேறு. சண்டையே அதில்தான்.

குளித்துவிட்டு வந்தார் டிரைவர்.

"என்ன சம்பந்தி, என் காந்த பிரேக்கிட்ட மண்ணைக் கவ்வத் தயாரா?"

"காந்த பிரேக் குழந்தைக்கு நடைவண்டி மாதிரி. நீங்களே திருகித் திருகி வைக்கணும். என்னோடது அப்படியா? நரம்பு சுத்தின உருளை வேகமாச் சுழன்டா உள்ள இருக்கிற குட்டிக் கட்டைங்க தானா விரிஞ்சு உரசும். வேகம் குறைஞ்சா தானா விட்டுடும். புத்தியுள்ள பிரேக்!"

"ரீல் விடாதீங்க. ரயிலுக்கே பிரேக் போட்டவன் நான்!"



ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து டிரைவருக்கு வலது கட்டைவிரலில் உணர்ச்சி இல்லை. வேலை கொடுத்தால் திரும்பி வரும், சும்மா வைத்திருந்தால் அப்படியே நின்றுவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பயிற்சி செய்யச் சொன்னால், "நான் என்ன கைக்குழந்தையா?" என்று எரிந்து விழுவார். கையை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்ப்பார்.

இன்றைக்குத்தான் மறுபடி தூண்டிலைத் தொடுகிறார். 'தூண்டில் நரம்பு சிக்கிச்சுன்னா ரீலைத் தூக்கி ஏரியில போட்டுடுவேன்' என்று வேறு சொல்லியிருந்தார்.

இந்த நேரம் பார்த்து இந்த மனுஷனுக்கு என்ன திருட்டு வேலை? வாதத்தில் ஜெயிக்க நோயாளியின் பிரேக்கிலா கைவைப்பது?

"நானும் ஏரிக்கு வரேன்."

"நீயா? மீன் நாத்தம் ஆகாதும்ப?"

"இன்னிக்கு வேற நாத்தம் அடிக்குது" என்றாள், சம்பந்தியின் சட்டைப் பையைப் பார்த்தபடி.

ஏரிக்கரையில் டிரைவர் காந்த பிரேக்கை முழுசாகத் திருகி வைத்துவிட்டு வீசினார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

கட்டைவிரல் உருளையை அழுத்தத் தவறியது. காந்தம் பிடித்துக்கொண்டது. தூண்டில் கிட்டத்தில்தான் விழுந்தது, ஆனால் நரம்பு சிக்கவில்லை.

"பாத்தீங்களா!" என்று அவர் போட்ட சத்தத்தில் எதிர்க்கரை வாத்துகள் அடுத்த ஊருக்கே குடிபோய்விட்டன.

அடுத்து சம்பந்தி வீசினார்.

நரம்பை முந்திக்கொண்டு உருளை தலைதெறிக்கச் சுழன்றது. ரீல் மேல் கூடு மாதிரி ஒரு சிக்கல். கூடு என்றால் சின்னக் கூடு இல்லை. கொக்கு ஒன்று குடும்பத்தோடு குடியேறி, மாடியும் எடுத்து வாடகைக்கு விடலாம்.

அவளுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. ஒரே மாதிரி இரண்டு ரீல். மனுஷன் கண்ணாடியும் போடவில்லை. டிரைவருடையது என்று நினைத்துத் தன்னுடையதையே கழற்றியிருக்கிறார்! மேலே ஒருத்தன் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான்.

"கொண்டாங்க இங்க! புத்தியுள்ள பிரேக்காம்!"

டிரைவர் பாறையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அந்தச் சிக்கலை மடியில் வைத்துப் பிரிக்க ஆரம்பித்தார். நரம்பு வழுக்கியது. திட்டினார். மறுபடி பிடித்தார்.

சம்பந்தி காருக்குப் பின்னால் தண்ணீர் குடிக்கப் போனார். அவளும் போனாள்.

"கண்ணாடி போடாமத் திருட்டு வேலை பண்ணினா இப்படித்தான் சம்பந்தி. எல்லாத்தையும் பாத்தேன். அவர் ரீல்னு நினைச்சு உங்க ரீலையே கழட்டிட்டீங்க, இல்ல?"

அவர் முதலில் பாறைப் பக்கம் பார்த்தார்.

"மெதுவாப் பேசுங்க சம்பந்தியம்மா. என் ரீல்னு தெரிஞ்சுதான் கழட்டினேன்."

"தெரிஞ்சேவா? எதுக்கு?"

பாறையில் வலது கட்டைவிரல் ஒரு நரம்பை நடுங்க நடுங்க அமுக்கிப் பிடித்து இழுத்தது. "ஒரு முடிச்சு அவுந்துடுச்சுய்யா, கடிகாரக்காரரே!" என்று ஒரே சிரிப்பு.

"பயிற்சின்னு சொன்னா அந்த விரல் அசையாது" என்றார் சம்பந்தி. "என்னைக் கேலி பண்றதுக்குன்னா சாயங்காலம் வரைக்கும் அசையும்."