சின்னச் சட்டி

ஒரே குழம்பு எதற்கு இரண்டு சட்டியில் கொதிக்கிறது?

பச்சையம்மாவுக்கு முதல் நாள் அது பெரிதாகத் தோன்றவில்லை. காசிமேட்டில் மீன் விற்கிறவள், கர்ப்பமாயிருக்கும் மருமகளுக்கு ஒத்தாசையாகத் திருவொற்றியூர் வந்து மூன்று நாள்தான் ஆகிறது.

இரண்டாம் நாளும் அதே. மருமகள் யசோதரா பெரிய சட்டியிலிருந்து இரண்டு கரண்டி குழம்பைச் சின்னச் சட்டிக்கு மாற்றினாள். பெரியது அவளுக்கும் மாமியாருக்கும். சின்னது புருஷன் ரவிக்குமாருக்கு மட்டும்.

மூன்றாம் நாள், சேலை மடிப்பிலிருந்து பச்சை நிறத்தில் ஒரு உருண்டையை எடுத்துச் சின்னச் சட்டியில் கரைத்தாள். கரைத்துவிட்டு வாசலைத் திரும்பிப் பார்த்தாள்.

கதவோரம் நின்ற பச்சையம்மா அதைப் பார்த்துவிட்டாள். நேராகப் பக்கத்து வீட்டு மலர்க்கொடியிடம் போய்ச் சொன்னாள்.

"தனிச் சட்டியா? யக்கா, இது மருந்துக்கா! சோத்துல வெச்சிக் குடுத்து ஆம்பளைய முந்தானில முடிஞ்சிக்கிற மருந்து. எங்க சித்தப்பன் அப்டித்தான் எளைச்சி எளைச்சிப் போய்ச் சேந்தாரு."

"அய்யோ, எம்புள்ளையும் எளைச்சித்தான் கீறான்டீ!"

"புளியந்தோப்புல ஒரு அம்மா வவுத்துல கீற மருந்த எடுக்கும். நாளைக்கே அவன இஸ்துகினு போ."

வேறு ஜாதிப் பெண், காதல் கல்யாணம், வேண்டாம் என்று எத்தனை முறை சொன்னோம்! மகன் கேட்டானா? இத்தனை நாள் அடக்கி வைத்திருந்ததெல்லாம் பச்சையம்மாவுக்கு இப்போது தொண்டைக்கு வந்தது.

அவள் திரும்பி வருவதற்குள் ரவிக்குமார் ஷிஃப்ட் முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்துவிட்டான். மணலியில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் வேலை. சின்னச் சட்டி அவன் தட்டில் காலியாகிக்கொண்டிருந்தது.

"டேய், கொளம்பு எப்டிடா கீது?" குரல் நடுங்காமல் கேட்கப் பார்த்தாள்.

"செம்மயா கீதும்மா. யசோ கொளம்புன்னா சும்மாவா?"

யசோதரா அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒவ்வொரு கவளம் உள்ளே போகும்போதும் பார்த்தாள். கடைசிக் கவளத்தை அவன் விழுங்கிய பிறகுதான் பெருமூச்சு விட்டாள்.

அந்தப் பார்வை பச்சையம்மாவை என்னவோ செய்தது. பெற்ற பிள்ளை கண்ணெதிரே விஷம் தின்கிறானோ?

அவன் குளிக்கப் போனான். யசோதரா தட்டைக் கழுவப் பின்கட்டுக்குப் போனாள். பச்சையம்மா சின்னச் சட்டியை வழித்து விரலை நாக்கில் வைத்தாள்.

கசப்பு! அடிநாக்கு வரைக்கும் கசப்பு. குமட்டிக்கொண்டு வந்தது.

சுனாமி வந்த அன்றைக்குக்கூட மீன் கூடையை விடாமல் தூக்கிக்கொண்டு ஓடியவள் அவள். இப்போது சட்டி அவள் கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்து உடைந்தது.

சத்தம் கேட்டு யசோதரா ஓடி வந்தாள். உடைந்த சட்டியையும் மாமியாரின் வாயையும் பார்த்தாள். முகம் வெளுத்துப் போயிற்று.

"எம்புள்ளைக்கு இன்னா மருந்துடி வெச்ச?"

"அத்தே, மெதுவா! அவரு காதுல வியப்போவுது!" யசோதரா அவசரமாகக் கதவைச் சாத்தினாள்.

"வியட்டும்டி! தெருவே கூடட்டும்! அவன் உசுரு போறதுக்குள்ள சொல்லு, இன்னாத்தக் கரைச்ச?"

"வேப்பங்கொழுந்து அத்தே. நேத்து உப்பே போடல. முந்தாநேத்து உப்ப வாரிக் கொட்னேன்."

பச்சையம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "உனுக்கு இன்னா பைத்தியமா? கட்னவனுக்குப் போடற சோறாடி இது?"

யசோதரா தரையில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"கம்பெனில காஸ் லீக்காச்சில்ல அத்தே, அன்னிக்கே அவருக்கு வாசனையும் ருசியும் பூட்ச்சி. நாலு மாசம் ஆவுது. வவுத்துல புள்ளையோட கீறேன், பயந்துடுவேன்னு என்கிட்ட மறைக்கிறாரு. கூட வேல செய்ற காஜா மொய்தீன் அண்ணந்தான் சொன்னாரு. திரும்பி வந்தாலும் வரும்னு டாக்டர் சொன்னாராம்."

குளியலறையில் ரவிக்குமார் தண்ணீர் மொண்டு ஊற்றும் சத்தம் கேட்டது. பச்சையம்மா மெல்ல மருமகள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அதுக்கு ஏம்மா இப்டி..."

"தெனம் ஒன்ன மாத்தி மாத்திப் போட்டுப் பாக்குறேன் அத்தே. என்னிக்கினா ஒரு நாளு 'த்தூ, இன்னாடி கருமம் இது'ன்னு தட்டத் தூக்கி எம்மேல அடிக்க மாட்டாரா?"