இரண்டு நிமிடம்

"ஏம்மா வால்புர்கா, உன் புருஷனுக்கு அப்படி என்னத்தத்தான் சமைச்சுப் போடற?" சமையலறைக்குள் நுழைந்ததுமே கத்தினார் ஐஸ் ஹாக்கி கோச் லாம்பெர்ட்.

"ஏன் கோச், உருளைக்கிழங்கு உருண்டைதான்."

"பத்து வருஷமா நம்ம டிஃபெண்டர் கொர்பீனியன்னா எதிர் டீமே நடுங்கும். மேட்சுக்கு நாலு பேரையாவது இடிச்சுத் தள்ளிட்டு, ஒவ்வொரு தடவையும் ரெண்டு நிமிஷம் தண்டனைக் கூண்டுல போய் உக்காருவான். கல்யாணம் ஆனதுலேருந்து விழுந்தவனைத் தூக்கிவிடறான்! இப்படியே போனா அடுத்த சீசனுக்கு ஒப்பந்தம் கிடையாது."

வால்புர்கா சிரித்தாள். "கவலைய விடுங்க. வெள்ளிக்கிழமை மேட்ச் வரைக்கும் வீட்டுல அவர்கிட்ட நான் பேச மாட்டேன்."

வெள்ளிக்கிழமை. ஆட்டம் தொடங்கியதுமே ஒருவனைச் சுவரோடு சேர்த்து நசுக்கினான் கொர்பீனியன். இரண்டு நிமிடத் தண்டனை. அரங்கமே எழுந்து கைதட்டியது.

தண்டனைக் கூண்டின் கதவைத் திறந்துவிட்டு, பெஞ்சில் நகர்ந்து இடம் கொடுத்தாள், பத்து வருடமாக அந்தக் கதவைத் திறந்து மூடும் வால்புர்கா.

"காதலிச்சப்போ இங்க எவ்வளவு பேசுவ! வீட்டுலதான் மூஞ்சியத் திருப்பிக்கற, இங்கயாவது பேசுடி!" என்று கெஞ்சினான்.

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"நேரம் முடியப்போவுது. போய் இன்னொருத்தனை இடிச்சிட்டு வாங்க, பேசலாம்."