பேச்சில்லாத இடங்களை நீக்கும்

இருபத்திரண்டு நிமிடம் வரவேண்டிய எபிசோடு ஒன்பது நிமிடத்தில் முடிந்துவிட்டது.

கதை எங்கேயும் அறுபடவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல்.

மாமியார் மருமகளை அறைகிறாள். அடுத்த நொடியே மாமனார், "சாம்பார்ல உப்பு கம்மி" என்கிறார். நடுவில் எட்டுப் பேர் ஆளுக்கு மூன்று முறை அதிர்ந்து நின்றதெல்லாம் காணோம். இடியையும் காணோம்.

எடிட்டிங் மென்பொருளை இப்போது ஏஐ ஏஜென்ட்தான் ஓட்டுகிறது. எந்தக் கருவி எதற்கு என்று தெளிவாக ஒரு வரி எழுதி வைத்தால் போதும், அது படித்துப் புரிந்துகொண்டு தானே வெட்டி ஒட்டிவிடும் என்றார்கள். அந்த ஒரு வரியை எழுதும் வேலையை உதவி எடிட்டரான அவள் தலையில் கட்டினார்கள்.

அவள் எழுதியிருந்தது: "பேச்சில்லாத இடங்களை நீக்கும்."

நீக்கிவிட்டது. அதன்மேல் என்ன தப்பு?

ஐந்து மணிக்குள் சேனலுக்குப் போயாக வேண்டும். ஏழரைக்கு ஒளிபரப்பு.

காலையிலேயே பூங்காவனம் போன் செய்திருந்தார். சீரியலில் வேலைக்காரியாக வருபவர். நூற்று நாற்பது எபிசோடாக அவருக்கு ஒரு வசனம் கிடையாது. தட்டோடு வருவார், நிற்பார், போவார்.

"அறையுற சீன்ல நான் இருக்கேன் இல்லம்மா? இன்னிக்கு மட்டும் கட் பண்ணிடாதீங்க. பொண்ணக் குடுத்த வீட்ல எல்லாரும் ஒண்ணா உக்காந்து பாப்பாங்க. அவ மாமியாரும்தான்."

பெருமைதான், பாவம் என்று நினைத்துக்கொண்டாள். கட்டாயம் இருப்பீங்க என்று சொல்லியும் விட்டாள்.

வரியை மாற்றினாள். "பேச்சில்லாத இடங்களை நீக்கும். அதிர்ச்சியான முகங்களை நீக்காது."

நாற்பத்தொரு நிமிடம். கிளாப் அடிப்பவர் கொட்டாவி விட்டதையும் அதிர்ச்சியில் சேர்த்துக்கொண்டிருந்தது.

"மண்டு" என்று திரையைப் பார்த்துக் கத்தினாள். அதைச் சொன்னாளா, தன்னைச் சொன்னாளா என்று அவளுக்கே தெரியவில்லை.

மூன்றாவது முறை எழுதினாள். "கதைக்குத் தேவையான முகங்களை மட்டும் வைத்துக்கொள்ளும்."

இருபத்திரண்டு நிமிடம். சொல்லிவைத்தாற்போல.

தலைமை எடிட்டர் எட்வின் கதவுக்கு வெளியிலிருந்தே எட்டிப் பார்த்தார். "வந்துடுச்சா? அனுப்பிடும்மா."

அனுப்பும் முன் ஒருமுறை ஓட்டினாள். அறை விழுந்தது. இடி இடித்தது. எண்ணிக்கொண்டே வந்தாள்.

ஏழு முகங்கள்.

பூங்காவனம் இல்லை.

ஏன் நீக்கினாய் என்று தட்டினாள்.

"இவருக்கு வசனம் இல்லை. இவர் இல்லாமலும் கதை நடக்கிறது. மேலும், கேமராவை நேராகப் பார்க்கிறார். இது பிழை."

மூன்றுமே சரி. சரியாகப் பேசுகிறவர்களிடம் சண்டை போடவும் முடிவதில்லை. கேமராவைப் பார்த்த முகத்தை அவளே எத்தனை முறை வெட்டியிருக்கிறாள்.

வெட்டிய துண்டைத் தேடி எடுத்தாள். நான்கு விநாடி.

சமையலறைக் கதவோரம் பூங்காவனம். கையில் தட்டு. கூடத்தில் அறை விழும் சத்தம்.

அவருடைய கை மெல்ல எழுந்து தன் கன்னத்தைத் தொடுகிறது.

பிறகு நிமிர்கிறார். நேராகக் கேமராவைப் பார்க்கிறார். இமைக்கவில்லை.

செட்டில் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். வேலைக்காரியை யார் கவனிக்கிறார்கள்?

மறுபடி ஓட்டினாள்.

மறுபடி.

பொண்ணக் குடுத்த வீட்ல. அவ மாமியாரும்தான்.

அதைப் போய்ப் பெருமை என்று எடுத்துக்கொண்டோமே என்று தன்மீதே ஆத்திரமாக வந்தது.

மாமனாரின் சாம்பாரைத் தூக்கினாள். அந்த இடத்தில் நான்கு விநாடியை வைத்தாள். ஏஜென்ட் உடனே அதைப் பிழை என்று சிவப்பில் காட்டி, நீக்கட்டுமா என்று கேட்டது.

நான்காவது முறை எழுதினாள். "கேமராவை நேராகப் பார்க்கும் முகங்களை நீக்கும். கேமராவுக்கு அந்தப் பக்கம் இருப்பவரைப் பார்த்தால் நீக்காது."

சிவப்பு போகவில்லை.

"இந்த விளக்கம் தெளிவாக இல்லை. இவர் யாரைப் பார்க்கிறார்?"

மணி நாலு ஐம்பது.

"யாரைப் பார்க்கிறாரோ, ஏழரைக்கு அவருக்குத் தெரியும்" என்று தட்டிவிட்டு, அனுப்பினாள்.