ஏழாவது பாகம் வேண்டாம்

மகளைப் பிடித்து ஆட்டுவது அந்தக் கார்ட்டூன் தொடர்தான் என்பதில் தையல்காரிக்குச் சந்தேகமே இல்லை. ஒரு மாதமாகப் பிள்ளை சரியாகச் சாப்பிடுவதில்லை. அம்மா மத்தியானம் கொஞ்சம் கண்ணயர்ந்தால் போதும், மூக்கருகே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்க்கிறாள். வேத வகுப்புக்குக் கிளம்பு என்றால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிடுகிறாள்.

“நாலு பாகம் பார்த்ததுக்கே இந்தக் கதி. பேயும் மந்திரமும் மண்டைக்குள்ள உட்கார்ந்துட்டா வேதம் எங்கேர்ந்து ஏறும்?” என்று பெற்றோர் கூட்டத்தில் பொருமினாள்.

பிரார்த்தனைக் கூடத்தின் பின்னறையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். பக்தியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்தத் தொடர் ஆகுமா, ஆகாதா என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பை வேத வகுப்பு வாத்தியாரிடம் விட்டிருந்தார்கள்.

“பயப்படாதீங்கம்மா. பத்துப் பாகத்தையும் பார்த்துட்டேன்,” என்றார் வாத்தியார் கனிவாக. “சூனியக்காரி, மண்டையோடு எல்லாம் சும்மா விளையாட்டு. கடைசியில நல்லதுதான் ஜெயிக்குது.”

“அந்த மந்திரவாதிக்கு அப்படியே எங்க மாமனார் மூக்கு சார். எனக்கே குலை நடுங்குது,” என்றார் மருந்துக்கடைக்காரர். எல்லோரும் சிரித்தார்கள்.

வாத்தியார் மட்டும் சிரிக்கவில்லை. “ஏழாவது பாகம் மட்டும் வேண்டாம். பிஞ்சு மனசைக் கெடுத்துடும். யார் வீட்லயும் ஓடக் கூடாது.”

பிறகு தையல்காரி பக்கம் திரும்பினார். “முக்கியமா உங்க பொண்ணு பார்க்க வேண்டாம். அவளை வகுப்புக்கு அனுப்பி வைங்க. நான் சரி பண்ணிடறேன்.”

அவளுக்குப் போன உயிர் பாதி திரும்பியது போலிருந்தது.

ஆனாலும் வீட்டுக்கு வந்த பிறகு மனம் ஆறவில்லை. பிள்ளையை நெருங்கவிடக் கூடாத விஷம் எதுவென்று பெற்றவளுக்குத் தெரிய வேண்டாமா? சாயங்காலம் தையல் மெஷினை மூடிவிட்டு, போனில் ஏழாவது பாகத்தைப் போட்டாள்.

பேயும் இல்லை, மந்திரமும் இல்லை. ஒரு டிராகன் குட்டி. குகைக் காவலன் தினமும் அதன் உடம்பிலிருந்து ஒரு செதிலைப் பிய்த்தெடுக்கிறான். வெளியே சொன்னால் உன் அம்மா செத்துப்போவாள் என்று மிரட்டுகிறான். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த குட்டி, ஒரு நாள் அம்மாவின் இறக்கைக்குள் புகுந்து எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. அம்மா அதை அணைத்துக்கொள்கிறாள். அவ்வளவுதான் கதை.

இதில் கெட்டுப்போக என்ன இருக்கிறது என்று அவளுக்கு விளங்கவில்லை.

முதுகுக்குப் பின்னால் மூச்சுச் சத்தம் கேட்டது. எப்போது வந்தாளோ, மகள் நின்றுகொண்டிருந்தாள். கண்கள் திரையை விட்டு அகலவில்லை.

“நீ உள்ள போடி கண்ணு. நீ இதைப் பார்க்கக் கூடாதுன்னு வாத்தியார்...”

மகள் அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“சொன்னதுக்கப்புறமும் அதோட அம்மா சாகலை. அப்ப வாத்தியார் என்கிட்ட சொன்னது பொய்யாம்மா?”