இடது கன்னம்

லேசர் இயந்திரத்தின் இரைச்சல் அடங்குகிறது. கண்களைக் காக்க இமைமேல் வைத்த மூடிகளுக்கு அடியில் அவளுக்கு எல்லாமே இருட்டு. இடது கன்னம் முழுக்கப் பிறவியிலேயே படர்ந்த செம்மச்சத்தின் மேல், ரப்பர் பேண்டைச் சுண்டிவிட்டதுபோல் இத்தனை நேரம் விழுந்த அடிகள் ஓய்ந்துவிட்டன. பொசுங்கிய மயிரின் வாடை மட்டும் மிச்சம். டாக்டரின் செருப்புச் சத்தம் கதவுக்கு வெளியே தேய்கிறது. பேருந்தில் ஜன்னலுக்கும், அலுவலகத்தில் சுவருக்கும், கல்யாண வீட்டுப் படத்தில் பக்கத்தில் நிற்பவர் தோளுக்கும் காட்டியே பழகிய கன்னம் அது. பெற்றவள் போன பிறகு, வைத்தியத்துக்குத் தவிர அதை ஒருவரும் தொட்டதில்லை. இப்போது நர்ஸ் ஈரத்துணியில் ஐஸைச் சுற்றி வைத்து, உள்ளங்கையால் பொத்திப் பிடித்திருக்கிறாள். தண்ணீர் காதுமடலில் இறங்கிக் கழுத்தோடு ஓடித் தலையணையை நனைக்கிறது.

"எரிச்சல் அடங்குச்சாக்கா?"

"இன்னும் இல்லம்மா."

"சரி, மெதுவா அடங்கட்டும். எனக்கொண்ணும் அவசரமில்ல."

ஐஸ் எப்போதோ கரைந்துவிட்டது. ஈரத்துணியைத் தாண்டி அந்தக் கையின் சூடு மெல்ல மெல்ல இறங்குகிறது.

"இப்போ எப்படிக்கா இருக்கு?"

எரிச்சல் அப்போதே அடங்கிவிட்டது.

"இன்னும் கொஞ்சம் இருக்கு" என்கிறாள், தலையை அசைக்காமல்.