வைஃபை பட்டியலில் ஐந்தாவது பெயர்

வீட்டுக் கம்ப்யூட்டருக்குள் யாரோ நுழையப் பார்ப்பதாக எச்சரிக்கை வந்ததால், தென்காசியிலிருந்து கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் பரமசிவனை வரவழைத்தேன். அவர் வைஃபை பட்டியலைத் திறந்து பார்த்தார்.

“அண்ணாச்சி, வீட்ல வைஃபைல என்னல்லாம் ஓடுது?”

“கம்ப்யூட்டர், டிவி, எங்க ரெண்டு பேரு போனு. நாலுதான்.”

“இங்கன அஞ்சு காட்டுதே. ‘தேவா’ன்னு ஒண்ணு கிடக்கு.”

தேவா எங்கள் மகன். போன ஆடியில் ஐந்தருவி வெள்ளம் அவனைப் போனோடு இழுத்துச் சென்றது. உடல் கிடைக்கவில்லை.

“எவனோ பேர மாத்தி வச்சு ஏமாத்துதான். பாஸ்வேர்ட மாத்திருதேன்.”

“மாத்தாதிய தம்பி. பிள்ள வெளிய நிக்கும்” என்றாள் என் மனைவி நாச்சியார்.

நான் மாற்றச் சொன்னேன். பட்டியல் நான்கானது.

மறுநாள் காலை, துக்கத்தால் பதினோரு மாதமாகக் கோலம் விழாத வாசலில், புதிய பாஸ்வேர்டை நாச்சியார் கோலப்பொடியால் பெரிதாக எழுதிக்கொண்டிருந்தாள்.

“ஏட்டி, கிறுக்கா பிடிச்சிருக்கு? ஊரே பாக்கும்.”

“பாத்துட்டுப் போட்டும்.”

உள்ளே போய்ப் பட்டியலைப் பார்த்தேன். ஐந்து.

மதியம் சாரல் விழுந்தது. வாசலில் எழுத்துகள் கரையத் தொடங்கின. பட்டியல் மறுபடி நான்கானது. ஒரு கையில் குடையும் மறு கையில் கோலப்பொடி டப்பாவுமாக வாசலுக்கு ஓடினேன்.