டாக்டர் எழுதின போர்டு

"துளசிங்கம்! இன்னியோட நீ இங்க வேலை பார்த்தது போதும், கிளம்பு!"

டாக்டர் வைத்தீஸ்வரன் போட்ட சத்தத்தில், அந்த மேற்குத் தாம்பரம் நர்ஸிங் ஹோமில் உட்கார்ந்திருந்தவர்கள் இருமலைக்கூட மறந்துவிட்டார்கள்.

ரிசப்ஷனில் இருந்த நாகலக்ஷ்மிக்கும் எடுபிடி துளசிங்கத்தின் மேல் கோபம்தான். பின்னே? உள்ளே கிளியம்மாள் காலையிலிருந்து பட்டினி. மாம்பலம் லேப் ரிப்போர்ட்டைப் பார்த்தால்தான் வயிற்றில் கத்தியா, வெறும் மாத்திரையா என்று தெரியும். "ஒரே ஒரு இட்லி, யாருக்கும் தெரியாம குடும்மா" என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள், பாவம்.

அந்த ரிப்போர்ட் வருவதே ஒரு கூத்து. லேப்காரர் எலெக்ட்ரிக் ட்ரெயினில் தெரிந்தவர் யாரிடமாவது கவரைத் திணித்துவிட்டு, "அனுப்பியாச்சு" என்பார். துளசிங்கம் அதைத் தாம்பரம் பிளாட்பாரத்தில் வாங்கின கையோடு டெலிபோன் பூத்திலிருந்து, "வந்தாச்சு" என்பான். இங்கே டாக்டர் மேஜை காலியாகக் கிடக்கும்!

பொறுத்துப் பார்த்த டாக்டர், போன வாரம் போர்டு மாட்டி சாக்பீஸால் எழுதிவிட்டார்:

'ரயில் ஏறியாச்சு – லேப் சொல்லணும்.
ரயில் இறங்கியாச்சு – துளசிங்கம் சொல்லணும்.
டாக்டர் கைக்குச் சேர்ந்தாச்சு – நாகலக்ஷ்மி சொல்லணும்.
வேற வார்த்தை யாரும் பேசக் கூடாது.'

நேற்று லேப் "ஏறியாச்சு" என்றது. துளசிங்கம் "இறங்கியாச்சு" என்றான். எல்லாம் சரி, கவரைத்தான் காணோம்.

"நேத்து சாயங்காலமே உங்க கையில குடுத்தேன் சார். காருகிட்ட நின்னுகினு இருந்தீங்களே!"

"என் கையிலயா? நாகலக்ஷ்மி, நீ பார்த்தியா?"

"என் கண்ணுல படவே இல்ல சார்."

"பார்த்தியா! தொலைச்சதும் இல்லாம பொய் வேற!"

டாக்டர் விருட்டென்று அறைக்குள் போனார். அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. டாக்டரின் மனைவி பாலாம்பாள்.

"நாகு, இவரோட நேத்து சட்டையை சோப்புத் தண்ணியில முக்கிட்டேன். பையில ஒரு கவர்! கிளியம்மாள்னு எழுதியிருக்கு. நல்லவேளை, ஓரம்தான் நனைஞ்சுது. அவசரமா?"

நாகலக்ஷ்மி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். துளசிங்கத்தின் காதில் விஷயத்தைச் சொன்னாள். அவன் சைக்கிளில் சேலையூரில் இருக்கும் டாக்டர் வீட்டுக்குப் பறந்து, கவரோடு வந்து நின்றான்.

"எங்கேய்யா இருந்துது?" அத்தனை பேர் முன்னாலும் கேட்டார் டாக்டர்.

"என் சைக்கிள் பையிலதான் சார். நான்தான் மறந்துட்டேன்."

நாகலக்ஷ்மிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

டாக்டர் கவரைப் பிரித்துப் படித்தார். "கிளியம்மா, கத்தியெல்லாம் வேண்டாம். மாத்திரையே போதும்!"

"அடப்பாவி! இதைப் பையில வெச்சுகினா என்னைப் பட்டினி போட்டே?" கிளியம்மாள் உள்ளேயிருந்தே துளசிங்கத்தைப் பிடிபிடியென்று பிடித்தாள். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

டாக்டர் உள்ளே போனதும் நாகலக்ஷ்மி அவன் பக்கம் குனிந்தாள். "உனக்கென்ன பைத்தியமாய்யா? வேலை போயிடும்!"

"போனா போவுதுக்கா. இதோ குந்திகினு கீறாங்களே, இவங்க வயித்துலதானே நாளைக்கு அவரு கத்தி வைக்கணும்? டாக்டருக்கே மறதின்னு தெரிஞ்சா, இன்னா பயம் பயப்படுவாங்க!"

அவளுக்கு நெஞ்சு நெகிழ்ந்துபோனது.

டாக்டர் மறுபடி வெளியே வந்தார். கையில் அதே கவர். ஈர ஓரத்தை விரலால் தேய்த்துப் பார்த்தார். சோப்பு நுரைத்தது. கை தானாகத் தன் சட்டைப் பைக்குப் போனது.

பிறகு நேராகப் போர்டிடம் போய் சாக்பீஸை எடுத்தார். போச்சு, துளசிங்கத்துக்குச் சீட்டு கிழிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

கடைசி வரியை அழித்துவிட்டு, எழுத எழுத, எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கவே படித்தார்:

"டாக்டர் சட்டைப் பையில தூங்கியாச்சு – டாக்டரே சொல்லணும்."